ஓடும் ஷூவில் அறிவியல் எங்கே முடிகிறது, விற்பனைப் பேச்சு எங்கே தொடங்குகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சேலம் காந்தி ஸ்டேடியத்தில் வாரம் நான்கு நாள் ஓடுகிறீர்கள். 400 மீட்டர் சுற்றுக்குச் சுமார் 2 நிமிடம் 25 விநாடி ஆகிறது. ஞாயிறு காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே வழியில் ஓடியே இறங்குகிறீர்கள். இதுவரை பெரிதாக வலி எதுவும் இல்லை. புது ஷூ வாங்கப் போன கடையில் ஒரு தட்டின் மேல் நிற்கவைத்து, பாதம் உள்பக்கம் சாய்கிறது என்று திரையில் காட்டி, அதற்கென்றே அறிவியல் முறையில் வடிவமைத்தது என 14,000 ரூபாய் ஷூவை எடுத்துவைத்தார்கள். கூடைப்பந்து ஆடும் மகளுக்குக் கணுக்காலை மூடும் உயர ஷூ கட்டாயம் என்றார்கள். இது உண்மையில் அறிவியலா, விளம்பரமா என்று கேட்கிறீர்கள்.

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. இந்த ஷூ என் ஓட்டத்தை எளிதாக்குமா என்பது ஒன்று. என் காலைக் காயத்திலிருந்து காக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அறிவியல் தெளிவாகவே பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு ஆதாரம் மெலிது. சில இடங்களில் கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிராகவும் இருக்கிறது. முதலாவதில் சம்பாதித்த நம்பிக்கையைக் காட்டி இரண்டாவதை விற்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு உறுத்தும் விஷயம்.

ஆய்வகம் என்று ஒன்று இருப்பது உண்மை. ஷூ நிறுவனமான நைக்கி 1980-ல் அமெரிக்காவின் எக்ஸெட்டர் நகரில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. ஆசிக்ஸுக்கு ஜப்பானின் கோபேயில் இருக்கிறது. அங்கே அளப்பவை உறுதியானவை. கால் தரையில் படும்போது எழும் விசையை, தரையில் பதித்த தட்டு விநாடிக்கு 1000 முறை பதிவு செய்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் ஏறத்தாழ கால் விநாடி மட்டுமே தரையில் இருக்கும். அதற்குள் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைத் தாங்கும். பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவே இருக்கும் மெத்தையான மிட்சோலைச் சோதிக்க 8.5 கிலோ எடையை 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிகால் பகுதியில் போட்டு, அதிர்ச்சி எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். ஓடுபவர் முகத்தில் மாஸ்க் மாட்டி, குறிப்பிட்ட வேகத்தில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளக்கிறார்கள். இவை எல்லாம் சில நிமிடங்களில், அதே ஆளை வைத்து, ஷூவை மட்டும் மாற்றிச் செய்யக்கூடிய சோதனைகள். அதனால்தான் முடிவு தெளிவாக வருகிறது.

எடையில் ஐயமே இல்லை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளிவந்த ஆய்வில், ஷூவின் நாக்குப் பகுதிக்குள் சின்ன ஈயக் குண்டுகளை ஒளித்து வைத்து, ஓடுபவர்களுக்குத் தெரியாமலே 3000 மீட்டர் ஓட வைத்தார்கள். 100 கிராமுக்கு 0.78 சதவீதம் மெதுவானார்கள். மனநம்பிக்கையின் விளையாட்டை விலக்கிய சோதனை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். கடையில் ஷூவைக் கையில் எடுத்து எடை பார்ப்பது அறிவுள்ள செயல்தான்.

அடுத்தது ஃபோம். வழக்கமான மிட்சோல் ஈவிஏ எனும் பொருளால் ஆனது. அழுத்தினால் அந்த ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். 2017-ல் வந்த நைக்கி வேப்பர்ஃப்ளை எனும் பந்தய ஷூவில் பீபா எனும் வேறு வகை ஃபோமும் வளைந்த கார்பன் தகடும் இருந்தன. கொலராடோ ஆய்வகத்தில் இயந்திரத்தில் வைத்து அழுத்தியபோது வேப்பர்ஃப்ளை 87 சதவீத ஆற்றலைத் திருப்பித் தந்தது. அடிடாஸின் பூஸ்ட் ஃபோம் ஷூ 76 சதவீதமும், நைக்கியின் பழைய பந்தய ஷூ 65.5 சதவீதமும் தந்தன. 18 ஓட்டக்காரர்களை மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓடவிட்டபோது சராசரியாக 4 சதவீதம் ஆற்றல் மிச்சமானது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி. ஆனால் வேறு பல்கலைக்கழகங்களில் அடிடாஸ் ஷூவோடு ஒப்பிட்டபோதும் 2.8 சதவீதம், 4.2 சதவீதம் என்று அதே திசையில்தான் எண்கள் வந்தன. 2020 ஜனவரி கடைசியில் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டத்துக்குச் சோலின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, ஒரு தகடுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி போட்டதே, பலன் மெய்யானது என்பதால்தான்.

இங்கேயும் காரணம் எது என்பதில் விளம்பரம் ஒன்று சொல்ல, சோதனை வேறொன்று சொன்னது. எல்லோரும் கார்பன் தகடு ஸ்பிரிங் போல உந்துகிறது என்றார்கள். பின்னர் அதே ஷூவில் தகட்டை ஆறு இடங்களில் அறுத்து, அதன் விறைப்பைக் குலைத்து ஓடவிட்டார்கள். ஆற்றல் செலவில் அரை சதவீத அளவுக்குத்தான் வித்தியாசம். அதுவும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. வேலையின் பெரும்பங்கு ஃபோமுடையது. ஆகவே மலிவான கெட்டி ஃபோமுக்குள் ஒரு தகட்டைச் சொருகி 'கார்பன் ஷூ' என்று விற்பதை நம்பி வாங்க வேண்டாம்.

உங்கள் வேகத்துக்கு இதன் பொருள் என்ன? 400 மீட்டருக்கு 2 நிமிடம் 24 விநாடி என்றால் மணிக்கு 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வேப்பர்ஃப்ளையின் அடுத்த தலைமுறை ஷூவைச் சோதித்தபோது சராசரி மிச்சம் 0.9 சதவீதம், 12 கிலோமீட்டரில் 1.4 சதவீதம், சிலருக்குச் செலவு கூடவும் செய்தது. விளம்பரத்தில் வரும் 4 சதவீதம், சுற்றை 1 நிமிடம் 43 விநாடிக்குள் முடிப்பவர்களிடம் அளந்தது. அவர்களிலும் ஆளுக்கு ஆள் பலன் மாறுகிறது. கென்யாவின் உலகத்தர ஓட்டக்காரர்களை வைத்து 2023-ல் வந்த ஆய்வில், தட்டையான பந்தய ஷூவோடு ஒப்பிடும்போது ஒருவருக்கு 11 சதவீதம் வரை லாபமும் இன்னொருவருக்கு 11 சதவீதம் வரை நஷ்டமும் தெரிந்தன. சராசரியை உங்கள் காலின் எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி காயம். இதை அளப்பது வேறு விதமான வேலை. கணைக்கால் எலும்பில் மயிரிழை முறிவோ குதிநாணில் வீக்கமோ வர வாரங்களும் மாதங்களும் ஆகும். ஒரு ஷூ காயத்தைக் குறைக்கிறதா என்று சொல்ல, நூற்றுக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, யாருக்கு எந்த ஷூ என்று அவர்களுக்கே தெரியாமல், ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுவனங்களோ ஆண்டுக்கு ஒருமுறை மாடலை மாற்றுகின்றன. சோதனை முடியும் முன்பே ஷூ சந்தையிலிருந்து போய்விடும். அதனால் அதிர்ச்சி குறைந்தால் காயம் குறையும், பாதம் சாய்வது குறைந்தால் காயம் குறையும் என்று ஊகித்து, அந்த இடைப்பட்ட அளவுகளை மட்டும் அளந்து வடிவமைக்கிறார்கள். அந்த ஊகத்தில்தான் சிக்கல்.

பாதச் சாய்வை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது பெரும்பாலோருக்கு வெளிக்குதிகால் முதலில் தரையைத் தொடும், பிறகு பாதம் உள்நோக்கிச் சரியும். இது அதிர்வைப் பரவவிடும் இயல்பான அசைவு. அமெரிக்காவில் 1970-களில் ஓட்டம் பெரிய அலையாக எழுந்தபோது, இந்தச் சரிவு அதிகமானால் முழங்காலும் கணைக்காலும் கெடும் என்ற கருத்து பரவியது. உள்பக்கத்தில் கெட்டியான ஃபோம் வைத்த ஷூக்கள் வந்தன. தட்டைப் பாதத்துக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, உயர்ந்த வளைவுக்கு ஒன்று என்று மூன்று பெட்டியாகப் பிரித்தார்கள். ஈரக்காலைத் தரையில் வைத்துத் தடம் பார்க்கும் முறையும் அந்தக் காலத்துடையதே. 2009-ல் ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வாளர்கள் இதற்கான நேரடிச் சோதனைகளைத் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆதாரமில்லாமல் விற்பனை நடந்திருக்கிறது.

அதன்பின் சோதனைகள் வந்தன. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒரு பாதிக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மறுபாதிக்கு எல்லோருக்கும் ஒரே வகை. காயத்தில் வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே நடுத்தர ஷூவைக் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். பாதம் உள்சாய்ந்தவர்களுக்குக் காயம் கூடவில்லை. 2022-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 12 சோதனைகளை, 11,240 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. பாத வகை பார்த்து ஷூ தருவதால் காயம் குறைவதாகத் தெரியவில்லை என்றது. அவர்களில் பெரும்பகுதியினர் ராணுவப் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. லக்ஸம்பர்க்கில் 372 பேரிடம், உள்பக்கம் கெட்டியான ஷூவையும் சாதாரண ஷூவையும் வெளியில் வித்தியாசம் தெரியாதபடி செய்து கொடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவில், உள்பக்கம் மட்டும் கெட்டியான ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. உள்சாய்வு உள்ளவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. ஆக, இந்த ஷூ யாருக்குமே உதவாது என்று சொல்ல முடியாது. உங்களுக்கு இது தேவை என்று ஒரு தட்டின் மேல் நிற்கவைத்து யாரும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. அந்தத் தட்டு காட்டுவது நீங்கள் சும்மா நிற்கும்போது பாதத்தின் எந்தப் பகுதி அழுத்துகிறது என்பதை மட்டுமே. பழைய ஷூவின் குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருப்பதைக் காட்டிக் குறை சொல்வதும் அப்படித்தான். அங்கே தேய்வதே பெரும்பாலோருக்கு இயல்பு.

குஷன் கதை இன்னும் சுவாரசியம். மெத்தென்ற ஷூ போட்டால் கால் தானாகவே விறைத்துக்கொள்கிறது. கடினமான தரையில் முழங்காலைச் சற்று அதிகம் மடக்குகிறது. 2018-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் மிகத் தடித்த குஷன் ஷூவையும் சாதாரண ஷூவையும் ஒப்பிட்டபோது, மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில் தடித்த குஷனில் மோதல் விசை கூடியிருந்தது. இயந்திரம் எடை போட்டு அளப்பது ஃபோமை. ஓடும் கால் அந்த இயந்திரத்தைப் போல நடந்துகொள்வதில்லை. இருந்தும், லக்ஸம்பர்க்கில் 848 பேரிடம் செய்த பெரிய சோதனையில் மிட்சோல் முழுவதும் கெட்டியான ஷூ அணிந்தவர்களுக்கு மெத்து அணிந்தவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காயம் வந்தது. எனவே மிதமான குஷன் நல்லதே. ஆனால் அந்த நன்மை உடல் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. கனமான உடம்புக்கு மெத்தான ஷூ என்று எல்லாக் கடையிலும் சொல்லும் பாடத்துக்கு அந்தச் சோதனை ஆதரவு தரவில்லை.

வெறுங்கால் ஓட்டம்தான் இயற்கை என்ற எதிர்முனைப் பிரசாரத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். பழக்கமாக வெறுங்காலில் ஓடுபவர்கள் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகால் மோதல் குறைகிறது என்று ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010-ல் காட்டியது. அதற்குப் பின் விரல் பிரித்த மெல்லிய ஷூக்கள் நிறைய விற்றன. பத்து வாரத்தில் அவற்றுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் உள்ளே நீர்கோத்த அறிகுறி ஸ்கேனில் தெரிந்தது. குதிகால் உயரம் குறைந்தால் முழங்காலின் சுமை குறையும், கெண்டைக்காலும் குதிநாணும் அதை வாங்கிக்கொள்ளும். தலைச்சுமையைத் தோளுக்கு இறக்குவது போலத்தான். சுமை எங்கும் போய்விடவில்லை. எந்த ஷூவை மதிப்பிடும்போதும், இது காயத்தைத் தடுக்குமா என்பதைவிட, இது என் எந்த உறுப்பின் சுமையை எந்த உறுப்புக்கு மாற்றுகிறது என்று கேட்பது பயன் தரும்.

விளம்பரம் எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்கு அரசுப் பதிவே இருக்கிறது. நடந்தாலே தசை இறுகும் என்று விற்ற ஷூக்களுக்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ரீபாக் 2011-ல் 2.5 கோடி டாலரும், ஸ்கெச்சர்ஸ் 2012-ல் 4 கோடி டாலரும் கொடுத்து வழக்கை முடித்தன.

உங்கள் மகளின் கூடைப்பந்து ஷூவுக்கு வருகிறேன். உயர ஷூ கணுக்கால் சுளுக்கைத் தடுக்குமா என்று 622 ஆட்டக்காரர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து 1993-ல் சோதித்தார்கள். உயர ஷூவுக்கும் தாழ்ந்த ஷூவுக்கும் வித்தியாசம் இல்லை. லேஸ் கட்டும் கணுக்கால் பட்டை அணிவது வேறு. 1460 பள்ளி ஆட்டக்காரர்களிடம் அது கணுக்கால் காயத்தைத் தெளிவாகக் குறைத்தது. ஏற்கெனவே ஒருமுறை சுளுக்கு வந்திருந்தால் உயர ஷூவுக்குக் கொடுக்கும் பணத்தைப் பட்டைக்கும், ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சிக்கும் கொடுக்கலாம். ஓடும் ஷூவோடு கூடைப்பந்து ஆடவிடாதீர்கள். அதன் சோல் உயரம், ஓரம் குறுகல்; பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது பாதம் விளிம்பிலிருந்து புரளும். ஆடுகள ஷூவில் பார்க்க வேண்டியவை அகலமான, தட்டையான அடிப்பகுதியும், முன்பாதத்தின் வெளி ஓரத்தில் மேலேறி நிற்கும் ரப்பரும். கிரிப் அளவாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் 3119 பள்ளி மாணவர்களைப் பார்த்த ஆய்வில், தரையை மிக இறுக்கிப் பிடித்த ஆணி அமைப்பில் முழங்கால் தசைநார் அறுந்தது அதிகமாக இருந்தது. சிமென்ட் தளத்தில் தூசி ஒட்டி வழுக்கினால் சோலை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் கடைசியாகக் கவனம் பெறுவது அளவு. ஷூவை 'லாஸ்ட்' எனும் கால் அச்சின் மேல் இழுத்துத் தைக்கிறார்கள். அந்த அச்சு பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைப் பார்த்து உருவானது. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தது. நம் பாதம் அவர்களுடையதைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. அகலம் போதாமல் நீளத்தில் ஒரு எண் கூட்டி வாங்குவது நம்மிடம் உள்ள வழக்கம். அப்படி வாங்கினால் ஷூ மடங்கும் இடம் விரல் மூட்டுக்கு முன்னால் போய்விடும், குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் வரும். அகல அளவு தனியாக வரும் மாடலைக் கேளுங்கள்.

சோதிக்கும் முறை இது. சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போடுங்கள். எழுந்து நின்று, மிக நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டு காலும் ஒரே நீளம் இருக்காது, பெரியதற்கு வாங்குங்கள். யூகே அளவில் ஒரு எண் என்பது எட்டரை மில்லிமீட்டர், அரை எண் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளிருக்கும் இன்சோலை உருவி அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ குறுகல். இரண்டையும் மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒட்டும்போதே பிழை, விலை எதுவானாலும் திருப்பிக் கொடுங்கள். வளைத்தால் விரல் மூட்டு இருக்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக்கூடாது. கடைக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் இதை ஆராய்ந்த பென்னோ நிக், போட்டவுடன் இதமாக இருப்பதையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். 206 ராணுவத்தினரிடம் தங்களுக்கு இதமான இன்சோலைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன சோதனையில் காயம் குறைந்தது. ஒரே சோதனையை வைத்துச் சட்டம் போட முடியாது, ஆனால் திரையில் தெரியும் வண்ணப் படத்தைவிட உங்கள் கால் சொல்வதை நம்பலாம். விலையை அதற்குச் சான்றாக எடுக்காதீர்கள். 2008-ல் ஸ்காட்லாந்தில் மூன்று விலை அடுக்கில் ஷூக்களை அளந்தபோது, பாத அழுத்தத்திலும் இதத்திலும் விலை குறைந்தவை பின்தங்கவில்லை.

உங்கள் ஓட்டத்தில் நான் அதிகம் கவலைப்படுவது ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தைப் பற்றி. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவு, 1000 மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டருக்கு மேல். ஏறும்போது மூச்சு வாங்கினாலும் மோதல் விசை குறையும். இறங்கும்போதுதான் விலை கொடுக்கிறோம். ஒன்பது டிகிரி சரிவில் ஓடவைத்து அளந்தபோது, சமதளத்தைவிட மோதல் விசை 54 சதவீதமும், பின்னுக்கு இழுத்து நிறுத்தும் விசை 73 சதவீதமும் கூடின. ஏற்காடு சாலையின் சராசரி அதைவிட மிதம். வளைவுகளின் உள்பக்கம் மட்டும் செங்குத்து. தொடைத் தசை நீண்டபடியே பிரேக் போடுவதால் அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியாமல் வலிக்கும். இதைக் குறைக்க ஷூவால் முடிவது கொஞ்சம்தான். அடியைக் குறுக்கினால் நிறைய முடியும். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் வாங்கும் சுமை கணிசமாகக் குறையும். வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி இறங்குங்கள். மேலேறும் பேருந்தின் கண்ணில் படவும் அதுவே வசதி.

இறக்கத்தில் ஷூவால் வரும் தொல்லைகளில் முதலாவது நகம் கருப்பது. பாதம் முன்னுக்கு வழுக்கி விரல் மோதுவதே காரணம். மேல்கோடியில் இருக்கும் கூடுதல் துளையில் லேஸை அதே பக்கத்தில் நுழைத்துச் சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் கோத்து இறுக்கினால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். விரல்பக்க லேஸ் தளர்வாகவே இருக்கட்டும். தடித்த கார்பன் ஷூவை மலையில் தவிருங்கள். 40 மில்லிமீட்டர் உயரத்தில் மெத்தையான ஃபோம், வளைவில் திரும்பும்போது ஓரம் அமுங்கிக் கணுக்காலைப் புரட்டும். கார்பன் ஷூவில் ஓடியவர்களுக்கு நடுப்பாத எலும்பு பாதித்ததாக 2023-ல் ஐந்து பேரின் விவரம் வந்தது. ஐந்து பேரை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது, எச்சரிக்கையாக இருக்கப் போதும்.

சேலத்து வெயில் தனி விஷயம். ஈவிஏ குளிரில் இறுகும், சூட்டில் இளகும். டிசம்பர் காலையில் ஏற்காட்டில் கட்டையாகத் தோன்றும் அதே ஷூ, ஏப்ரல் மாலையில் சேலம் தார்ச்சாலையில் சொதசொதக்கும். கடையின் ஏசி அறையில் பார்த்த மென்மையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோலை ஒட்டும் பசையைத் தொழிற்சாலையில் 60, 70 டிகிரியில் சூடாக்கித்தான் ஒட்டுகிறார்கள்; வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஷூவை விட்டால் அதே பசை திரும்ப இளகும். நனைந்த ஷூவை நேர்வெயிலில் வைக்காமல், இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள். பாலியூரித்தேன் சோல் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் உதிர்ந்துபோகும். தள்ளுபடியில் வரும் பழைய சரக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மழையில் பருத்தி சாக்ஸ் வேண்டாம். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலு, டோக்கியோ பாராலிம்பிக்கில் மழையில் சாக்ஸ் நனைந்ததால் தாண்டச் சிரமப்பட்டதாகச் சொன்னார், 1.86 மீட்டரில் வெள்ளி கிடைத்தது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? 1985-ல் இயந்திரத்தில் வைத்து அளந்தபோது முதல் 80 கிலோமீட்டருக்குள்ளேயே அதிர்ச்சி தாங்கும் திறனில் கால்வாசி போய்விட்டது. 400 முதல் 800 கிலோமீட்டரில் 60 சதவீதமோ அதற்கும் கீழோ மிஞ்சியது. மனிதர்கள் அணிந்து ஓடிய ஷூக்களில் தேய்மானம் இதைவிட மெதுவாக இருந்தது. ஆகவே 500, 800 என்று புழங்கும் எண்கள் தோராயமே. மிட்சோலின் பக்கவாட்டில் சுருக்கங்கள் நிரந்தரமாக நின்றுவிட்டதா, ஒரு பக்கம் அமுங்கிவிட்டதா, ரப்பர் தேய்ந்து ஃபோம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு வெவ்வேறு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்ததாக லக்ஸம்பர்க் கவனிப்பு ஒன்று சொல்கிறது. சீட்டுக் குலுக்கிச் செய்ததல்ல என்றாலும், செலவு கட்டுப்படியானால் செய்யத்தக்கது. 14,000 ரூபாய்க்கு ஒன்று வாங்குவதைவிட அதில் இரண்டு ஜோடி வாங்குவதையே நான் சொல்வேன்.

உங்கள் பாதத்தைப் பார்க்காமல் எந்த மாடல் என்று சொல்ல மாட்டேன். வலியில்லாமல் ஓடுகிறீர்கள் என்பதால், சாய்வைத் திருத்தும் ஷூவுக்கு மாற இப்போது காரணம் இல்லை. இப்போதைய ஷூவின் எடைக்கும் குதிகால் உயரத்துக்கும் நெருக்கமான ஒன்றை எடுங்கள். முதல் மூன்று வாரம் மூன்று ஓட்டத்துக்கு ஒன்றில் மட்டும் ஸ்டேடியத்தில் போட்டுப் பழகுங்கள். மலை இறக்கத்துக்கு அதன்பிறகே கொண்டுபோங்கள். கணைக்கால் எலும்பிலோ பாதத்தின் மேல்புறத்திலோ ஒரு விரல் வைக்கும் அளவு இடத்தில் அழுத்தினால் வலித்து, ஓய்விலும் இரவிலும் தொடர்ந்தால் ஷூ கடைக்குப் போகாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஒரு காலின் வளைவு மட்டும் புதிதாகத் தட்டையானாலும், நுனிவிரலில் நின்றாலும் வளைவு திரும்பி எழாவிட்டாலும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலும் அப்படியே. அங்கே தேவைப்படுவது மருத்துவர் எழுதித் தரும் காலணி. ஓட்டக்காரருக்குக் காட்டிய தட்டையும் திரையையும் வைத்து அதை முடிவு செய்யக்கூடாது.